கச்சிராயபாளையம் சாலையில் ஒரு புளியமரம்

கள்ளக்குறிச்சியைச் சுற்றிப் பார்ப்பதற்கென்று யாரும் கிளம்பிப் போவதில்லை. நானும் அப்படிப் போகவில்லை. சிதம்பரத்தில் கல்லூரியை மூடிவிட்டார்கள், விடுதியில் அடுப்பை அணைத்துவிட்டார்கள். மலேசியாவிலிருந்து படிக்க வந்தவளுக்கு நினைத்தவுடன் போக வீடு ஏது? அறைத்தோழி நூர்ஜஹான்தான், "எங்க ஊருக்கு வாடி தேவகி. மலைக்குக் கூட்டிக்கினு போறேன்" என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு போனேன்.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. தென்னாற்காடு மாவட்டத்தில் டீக்கடை, பஸ், கோயில் வாசல், எங்கே நின்றாலும் அதே பேச்சு. நாங்கள் ஏறிய பஸ்ஸில் ஒரு பக்கத்து ஜன்னல்களுக்குக் கண்ணாடியே இல்லை. கண்ணாடி எங்கே என்று கேட்டேன். "போன வாரம் இருந்துச்சும்மா. இப்ப காத்து நல்லா வருது, குந்து" என்றார் கண்டக்டர். கல்லெறியை அவர் மழை வெயில் கணக்கில் சேர்த்துவிட்டார் என்று தெரிந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

எங்கள் நாட்டிலும் மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. அதில் நான் கோட்டுக்கு வெளியே நிற்கிறவள். நல்ல மதிப்பெண் எடுத்தும் அங்கே பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்றுதான், பேராக்கில் ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டும் அப்பா என்னைக் கடல் தாண்டி அனுப்பினார். இங்கே வந்தால், தங்களைக் கோட்டுக்குள் சேர்க்கச் சொல்லி ஊர் ஊராக ஜனங்கள் சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமாகத்தான் பட்டது. என் அப்பாவின் வயிற்றெரிச்சலும் நியாயம்தான். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல், கண்ணாடியில்லாத ஜன்னலோரம் தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு தூங்கிப் போனேன்.

நூர்ஜஹான் வீட்டில் முதலில் வரவேற்றது வாசனை. வீட்டின் முன்பாதி மண்டி, பின்பாதி குடித்தனம். கல்வராயன் மலையிலிருந்து வரும் புளி, கடுக்காய், தேன், சாமை எல்லாம் அவள் அத்தாவின் மண்டியில்தான் இறங்கும். ஊரில் அவரைப் பாய் என்றே கூப்பிடுவார்கள். உயரமான மனிதர், பேச்சு கம்மி. "சாப்புட்டியாம்மா?" என்பதைத் தவிர அன்று முழுக்க அவர் என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் அதை ஐந்தாறு தடவை கேட்டார்.

நானும் சாப்பிட்டுக்கொண்டேதான் இருந்தேன். மதியம் நெய்ச்சோறும் ஆட்டெலும்பு போட்ட பருப்புத் தால்ச்சாவும். மாலையில் இடியாப்பத்தோடு ஆட்டுக்கால் பாயா. தைப்பிங்கில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் 'மாமாக்' கடையில், பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டிச் சானாயைப் பருப்புக் குழம்பில் நனைத்துத் தின்று வளர்ந்தவள் நான். அந்தத் தால்ச்சா வாயில் பட்டதும் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "காரம் ஜாஸ்தியா?" என்று பதறினாள் நூர்ஜஹானின் அம்மா. ஆமாம் என்று சொல்லி வைத்தேன். வீட்டு ஞாபகம் என்று சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றியிருப்பார்கள்.

சாயங்காலம் ஊரைப் பார்க்கக் கிளம்பினோம். "இங்க பாக்க இன்னா இருக்கு?" என்று அவள் மாதிரியே கேட்டேன். நூர்ஜஹான் நன்றாக யோசித்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டு இருக்கு" என்றாள். கோர்ட்டு இருந்தது, தாலுகா ஆபீஸ் இருந்தது, கரும்பு லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. சுவரெல்லாம் போராட்டத்தின் எழுத்துகள். பஸ் ஸ்டாண்டில் பஸ்களைவிடக் காத்திருப்பவர்களே அதிகம். ஒரு கிழவர் அவ்வப்போது எழுந்து, "சேலம் வண்டி வருமா?" என்று வருவோர் போவோரையெல்லாம் கேட்டார். வராது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் மண்டி வாசலில் பாயிடம் உருதுவில் ஏதோ வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார். நூர்ஜஹான் என் காதில் தமிழில் சொன்னாள்: நாளைக்கு எங்கேயும் போகாதீர்கள், மரத்தை வெட்டி ரோட்டை அடைக்கப் போகிறார்களாம். பாய் தமிழிலேயே பதில் சொன்னார். "பத்து நாளா இதையேதான் சொல்லிக்கினு இருக்காங்க. மலைச் சந்தை வாரத்துக்கு ஒரு நாளு. நான் போவலன்னா அவங்க சரக்கத் தூக்கிக்கினு திரும்பி ஏறணும்."

மறுநாள் விடியும்போது ஜீப்பில் இருந்தோம். முன்னால் டிரைவர் ஏழுமலையும் பாயும், பின்னால் காலிச் சாக்குகளின் மேல் நாங்கள் இருவரும். கச்சிராயபாளையம் போகும் சாலையில் இரண்டு பக்கமும் புளியமரங்கள் கைகோத்து நின்றன. வெயிலே கீழே விழவில்லை. இந்த நாட்டில் எனக்குப் பிடித்த முதல் சாலை இதுதான் என்று நூர்ஜஹானிடம் சொன்னேன். இதை நான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

கோமுகி அணையைத் தாண்டினால் ஏற்றம். மலை என்றால் எனக்குக் கேமரன் மலைதான்: தேயிலை, பங்களா, ரோஜாத் தோட்டம், வெள்ளைக்காரன் விட்டுப்போன கேக்குக் கடை. இங்கே கல்லும் முள்ளும். நடுநடுவே யாரோ பிடிவாதமாகக் கீறி விதைத்த சாமையும் தினையும். ஜீப் ஒவ்வொரு வளைவிலும் நின்று யோசித்துவிட்டுத்தான் ஏறியது. தலையில் மூட்டையோடு வெறுங்காலில் நடந்து வந்தவர்கள் எங்களை முந்திக்கொண்டு குறுக்குத் தடத்தில் ஏறிப் போனார்கள்.

வெள்ளிமலையில் சந்தை. பாய் தராசைக் கட்டுவதற்குள் ஒரு வீட்டில் எங்களைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டார்கள். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். சோறு நாக்கில் உருண்டு உருண்டு ஓடியது. பிறகு அருவிக்குப் போவதாக ஏற்பாடு. துண்டெல்லாம் எடுத்து வந்திருந்தேன். அந்த அருவியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

நாங்கள் கிளம்பும் நேரத்தில் இரண்டு ஆண்கள் ஒரு மூங்கில் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தைக்குள் ஓடி வந்தார்கள். கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டியிருந்தார்கள். மலையில் நடக்க முடியாதவர்களைத் தூக்க அதுதான் வண்டி. பின்னால் ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். முன்னால் கழியைச் சுமந்தவன் பாயைப் பார்த்ததும் நின்றான்.

"பாய், எம் பொண்டாட்டி. நேத்து பொழுது சாஞ்சதுலேருந்து நோவு. புள்ள குறுக்க நிக்குதாம். மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. கீழ ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போணும்."

அவன் பெயர் சடையன். பாய்க்கு வருஷா வருஷம் தேனும் கடுக்காயும் கொண்டுவருகிறவன். பாய் ஜீப்பின் பின்பக்கம் போனார். அப்போதுதான் ஏற்றிய மூட்டைகளைத் தானே இழுத்துக் கீழே தள்ளினார். ஏழுமலை ஓடிப்போய்க் கைகொடுத்தான். இரண்டு சாக்கை மட்டும் மெத்தையாக விட்டு, அந்தப் பெண்ணைப் படுக்க வைத்தார்கள்.

வெள்ளையம்மா அவள் பெயர். என் வயதுதான் இருக்கும். கூட வந்தவள் அவள் அக்கா குப்பி. கால்மாட்டில் குப்பியும் நூர்ஜஹானும் உட்கார்ந்தார்கள், தலைமாட்டில் நான். சடையனும் கழியின் மறுமுனையைச் சுமந்த பங்காளியும் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். வெள்ளையம்மாவின் தலையை என் மடியில் வைத்தார்கள். நான் பொருளாதாரம் படிக்கிறவள். பிரசவத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது நடக்கும் அறைக்கு வெளியே நின்று தெரிந்துகொண்டதுதான்.

வலி விட்டுவிட்டு வந்தது. விட்ட நேரத்தில் அவள் என்னைப் பார்த்தாள்.

"நீ எந்த ஊரு?"

"கடல் தாண்டி. மலேசியா."

"தனியாவா வந்த? ஆயி அப்பன்லாம்?"

"அங்கதான் இருக்காங்க."

"ஐயோ பாவம்" என்றாள். அந்த நிலையில் என்னைப் பார்த்துப் பாவம் என்று சொன்ன மனசை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அடுத்த வலி வந்ததும் என் கையைப் பிடித்தாள். விட்ட பிறகும் விரல்களில் ரத்தம் ஓட நேரமாயிற்று.

"நான் கள்ளக்குறிச்சி பாத்ததில்ல" என்றாள் கொஞ்சம் கழித்து. "இவரு மாசாமாசம் போய் வராரு. கூட்டிக்கினு போன்னா, அங்க இன்னா இருக்குன்றாரு. இன்னா இருக்கு?"

"பஸ் ஸ்டாண்டு இருக்கு" என்றேன். நூர்ஜஹான் நிமிர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெள்ளையம்மா சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் ஏழுமலை பிரேக் போட்டான். காலையில் எங்களுக்கு நிழல் கொடுத்த மரங்களில் ஒன்று சாலைக்குக் குறுக்கே கிடந்தது. வெட்டிய இடம் இன்னும் ஈரமாக இருந்தது. மரத்தின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் இறங்கி வந்து ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் இரண்டடி பின்னால் போனான்.

"பொம்பள நோவாண்ணே? இப்படி வாய்க்கா பக்கமா கரும்பு வண்டித் தடம் இருக்கு, சுத்திக்கினு போயிடுங்க" என்று அவனே முன்னால் ஓடி வழி காட்டினான். "அடுத்த மரத்தாண்ட கஷ்டம்தான். அங்க கல்யாண வண்டியையும் சாவு வண்டியையும் தவிர எதையும் உடல. கல்யாண வண்டியக்கூட காலையில ரொம்ப நேரம் நிறுத்திட்டாங்களாம்."

வண்டித் தடத்தில் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். பாதி தூரத்தில் சக்கரம் புதைந்தது. வெள்ளையம்மாவை இறக்க முடியாது, அவளோடு சேர்த்துத்தான் தள்ள வேண்டும். பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார், நூர்ஜஹான் இறங்கினாள், குப்பி கரும்புத் தோகையை அள்ளி அள்ளிச் சக்கரத்தின் அடியில் போட்டாள். நான் மட்டும் மடியில் அவள் தலையோடு உள்ளே உட்கார்ந்து, ஒவ்வொரு உலுக்கலுக்கும் அவள் அலறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தார்ச்சாலையில் ஏறியபோது உச்சிப்பொழுது போய்விட்டது. சாக்கு நனைந்திருந்தது. அது தண்ணீர் இல்லை என்று குப்பியின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

அங்கே ஏழுமலை வண்டியை ஓரம் கட்டினான். இஞ்சினை நிறுத்தாமல் பின்னால் திரும்பினான்.

"பாய், நான் ஒண்ணு சொல்றேன். தப்பா நெனைக்காதீங்க. இது சாவு வண்டின்னு சொல்லிடலாம். போர்வைய மூஞ்சி வரைக்கும் இழுத்துடுங்க, நான் வேப்பிலையும் கறுப்புத் துணியும் முன்னால கட்டிடறேன். அக்கா ரெண்டு கொரலு அழுதா போதும். பொணத்துக்கு வழி உடலன்னு பேரு வாங்க எவனும் ஒத்துக்க மாட்டான். நேரா ஆஸ்பத்திரி வாசல்ல போய் நிறுத்தறேன்."

பாய் சடையனைப் பார்த்தார். சடையன் கம்பியைப் பிடித்த கையை விடாமல் தலையை ஆட்டினான்.

"வேணாம்."

"யோவ், உயிரு போய்க்கினு இருக்குய்யா" என்றான் ஏழுமலை.

"அதுக்குத்தான் வேணான்றேன். உசுரு இருக்கறவ மூஞ்சிய மூடி அழுதுட்டா அப்புறம் அவ எங்களுக்கு இல்ல. மலையில திரும்ப சேக்க மாட்டாங்க. அவ கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாங்க. அவளுக்குப் பொறக்கற புள்ளையையும் பொணத்துக்குப் பொறந்ததும்பாங்க." கம்பியை இறுக்கிப் பிடித்தான். "நான் பொழைக்க வெச்சி இட்டுக்கினு போவத்தானே எறக்கிக்கினு வந்தேன்?"

எல்லோரும் குப்பியைப் பார்த்தோம். அழ வேண்டியவள் அவள். அவள் தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வராது" என்று மட்டும் சொன்னாள். வெள்ளையம்மா கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். இதையெல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எனக்குச் சடையன் மேல் கோபம் வந்தது. மனசுக்குள் மூடநம்பிக்கை, முட்டாள்தனம் என்று படித்த வார்த்தைகளையெல்லாம் அடுக்கினேன். ஏழுமலை கியரைப் போட்டான்.

இரண்டாவது மரம் பெரியது. ஒரு பக்கம் வாய்க்கால், மறு பக்கம் வரிசையாகக் கூரை வீடுகள். சுற்றிப் போக வழியே இல்லை. அந்த ஊர் ஆண்கள் முழுக்க அங்கே இருந்தார்கள் போலிருந்தது. தலையில் துண்டு கட்டிய நடுத்தர வயதுக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். பாய் இறங்கிக் கும்பிட்டார். அந்த உயரமான மனிதர் முதுகை வளைத்து யாரையும் கும்பிட்டுத் தான் பார்த்ததில்லை என்று நூர்ஜஹான் பிறகு சொன்னாள்.

"தெரியுது பாய், கண்ணு இல்லாமயா இருக்கோம்? ஆனா மரத்த நகத்த முடியாது" என்றார் துண்டுக்காரர். "டிராக்டரு கட்டி இழுக்கணும், அத்தினி பேரும் கை வெக்கணும். வழி தொறந்தா பின்னாடியே போலீஸ் வேனு உள்ள பூந்துடும். தலைவரு வராம நாங்க தொட மாட்டோம். அவரு உளுந்தூர்பேட்டை பக்கம் போயிருக்காரு."

"ரெண்டு உசுருங்க" என்றார் பாய்.

"எம் பையன் பன்னெண்டாவது முடிச்சிட்டு மாடு மேய்ச்சிக்கினு இருக்கான். அவனும் உசுருதான்" என்றார் அவர். சொன்ன பிறகு ஜீப்புக்குள் பார்த்தார். குரல் இறங்கியது. "யாரு, மலைக்காரங்களா? இவங்களுக்குத்தான் எல்லாம் குடுத்துட்டாங்களே பாய். நாங்கதான் தெருவுல நிக்கிறோம்."

சடையன் இதைக் கேட்டு முழித்தான். தனக்கு என்ன கொடுத்தார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. ரோடு இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, பெண்டாட்டியைக் கழியில் கட்டித் தூக்கி வந்திருக்கிறான். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். கோட்டுக்கு உள்ளே இருப்பவனும் வெளியே இருப்பவனும் ஒரே புளியமரத்தின் முன்னால் நின்றார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் நான் எழுதுவது பொய். ஒரு வீட்டிலிருந்து பெண்கள் சுடுதண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒருத்தி தன் பழைய புடவையைக் கிழித்துக் குப்பியிடம் கொடுத்தாள். "தூளியில போட்டுக்குங்க, நாங்க தூக்கித் தாண்டி உடறோம்" என்று நான்கு ஆண்கள் மரத்தின் மேல் ஏறி நின்றார்கள். வெள்ளையம்மாவைத் தூளியில் கட்டி, கை மாற்றி கை மாற்றி, கிளைகளுக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். ஒரு கிளை தூளியில் சிக்கி இழுத்தது. அவள் அம்மா என்று கத்தியது அந்த ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். தூக்கியவர்களில் ஒருவன் அழுதுகொண்டிருந்தான். அப்போதும் மரம் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

ஏழுமலை ஜீப்போடு அங்கேயே நின்றுவிட்டான். நாங்கள் நடந்தோம். சடையனும் பங்காளியும் கழியைச் சுமந்து ஓட்டமும் நடையுமாக முன்னால், குப்பி தூளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். சாலையில் ஒரு வண்டி இல்லை, ஒரு சைக்கிள் இல்லை. இரண்டு பக்கமும் கரும்பு. பாய்க்கு மூச்சு இரைத்தது, ஆனால் நிற்கவில்லை. சடையன் தோள் மாற்றும்போது நான் கழியில் கை வைத்தேன். "உன்னால ஆவாதும்மா" என்று விலக்கிவிட்டான். உண்மைதான், என்னால் ஆகியிருக்காது.

வெள்ளையம்மாவின் கை தூளிக்கு வெளியே தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். "இன்னும் எம்மாம் தூரம்?" என்று ஒருமுறை கேட்டாள். கரும்புக்கு மேலே தொலைவில் அரிசி ஆலையின் புகைபோக்கி தெரிந்தது. "அதோ, அதுதான் கள்ளக்குறிச்சி. வந்துட்டோம்" என்றேன். தலையைத் தூக்கிப் பார்க்க முயன்றாள். போர்வை மறைத்தது. அதை விலக்கிவிட்டேன். அவள் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

கொஞ்ச தூரம் போன பிறகு அந்தக் கை என் கையைப் பிடிக்கவில்லை என்று உணர்ந்தேன். சொல்லப் பயமாக இருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் சும்மா நடந்தேன். குப்பிதான் தூளிக்குள் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் சடையனின் கால் நின்றது.

சாலையோரம் இறக்கினார்கள். குப்பி தங்கையின் வயிற்றில் காதை வைத்து வெகு நேரம் கேட்டாள். பிறகு காதை எடுத்துவிட்டாள். பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதிவிட்டு, தன் தோள் துண்டை எடுத்து நீட்டினார். சடையன் அதை வாங்கி அவள் முகத்தை மூடினான். அவன் கையாலேயே மூடினான்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாக்கலாமே" என்றேன் நான்.

"போனா பொணத்த இன்னிக்கிக் குடுக்க மாட்டாங்க" என்றான் சடையன். "பொழுது சாயறதுக்குள்ள மலை ஏத்தணும்." கழியைத் தூக்கினான். கள்ளக்குறிச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்த வழியே நடந்தோம். குப்பி இப்போது அழுதாள். வராது என்று சொன்னவளுக்கு வந்துவிட்டது.

அந்த ஓலம் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மரம் கண்ணுக்குத் தெரிந்தபோது அதன் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் இறங்கி நின்றார்கள். தலைத்துண்டுகள் அவிழ்ந்து கைக்கு வந்தன. முன்பு தூக்கிய நான்கு பேரிடம் பாய் போய், "அதே மாதிரி ஒரு கை புடிச்சித் தாண்டி உடுங்க" என்றார்.

துண்டுக்காரர் தடுத்தார். "இன்னா பாய் பேசறீங்க? பொணத்த மரத்துக்கு மேல தாண்டி எடுப்பாங்களா? ஊருக்கு ஆவுமா அது?" பின்னால் திரும்பி, "டேய், டிராக்டர எடுங்கடா" என்றார்.

தலைவர் வரவில்லை. யாரும் அவரைப் பற்றிப் பேசவும் இல்லை. கரும்புக் கொல்லையில் நின்ற டிராக்டர் வந்தது, சங்கிலி மாட்டினார்கள், கடப்பாரை கொடுத்தார்கள், கிழவர்கள் உட்பட அத்தனை பேரும் தோள் கொடுத்தார்கள். அந்தப் பெரிய மரம் முனகிக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பியது. ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. கிடந்த இலைகளைக்கூட ஒருவர் காலால் ஒதுக்கிச் சுத்தம் செய்தார்.

திறந்த வழியில் தூளி போனது. எல்லோரும் கும்பிட்டார்கள். எங்களைத் தடுத்தபோது வராத ஆத்திரம் எனக்கு அப்போது வந்தது. கும்பிட்ட கைகளையெல்லாம் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. ஒன்றும் செய்யாமல் பின்னால் நடந்தேன்.

ஏழுமலை ஜீப்பைத் திருப்பி நிறுத்தியிருந்தான். முன்னால் வேப்பிலையும் கறுப்புத் துணியும் கட்டியிருந்தான், இந்தத் தடவை யாரையும் கேட்காமல். முதல் மரத்துக்கு ஆள் அனுப்பியாயிற்று, அங்கேயும் வழி விட்டு வைப்பார்கள் என்றார் துண்டுக்காரர். மலைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்று பாய் ஏழுமலையிடம் சொன்னார். நாங்கள் மூவரும் ஊருக்கு நடப்பதென்று முடிவாயிற்று.

உடலை ஏற்றிய பிறகு சடையன் என்னிடம் வந்தான்.

"யம்மா, நீ படிச்ச பொண்ணு. அப்பவே டிரைவரு சொன்ன மாதிரி பொணம்னு சொல்லியிருந்தா, இந்த மரத்த இதே மாதிரிதானே நகத்தியிருப்பாங்க?"

"இல்லண்ணே" என்றேன். "துணிய விலக்கிப் பாத்திருப்பாங்க. கண்டுபுடிச்சிருப்பாங்க."

அவன் திரும்பித் திறந்து கிடந்த சாலையைப் பார்த்தான். அங்கே நின்றவர்களைப் பார்த்தான். அவர்களில் ஒருவர்கூட அவள் முகத்துத் துணியை விலக்கிப் பார்த்திருக்கவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவனும் பார்த்திருந்தான். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி அவள் தலைமாட்டில், நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தான்.

ஜீப் வளைவில் மறையும்வரை எல்லோரும் அசையாமல் நின்றார்கள். பிறகு துண்டுக்காரர் கையைக் காட்டினார். டிராக்டர் மறுபடி உறுமியது. நாங்கள் அந்தப் பக்கம் போவதற்குள் மரத்தைப் பழையபடி குறுக்கே இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

"பாத்து ஏறும்மா, கிளை குத்தும்" என்று மேலேயிருந்து ஒருவர் கை நீட்டினார். நாங்கள் உயிரோடு இருந்தோம். அதனால் அந்தக் கையைப் பிடித்து, மரத்தின் மேல் ஏறித்தான் தாண்டினோம்.